மாறிப்போன மூடிகள்

படகுத்துறையில் அவளுக்கு மூடியக்கா என்று பெயர். கேலியாக ஆரம்பித்த பெயர்தான். நாளாக ஆகக் கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. படகின் மேல்தளத்தில் வட்ட வட்டமாகப் பதித்திருக்கும் மூடிகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் அவள் வேலை. டீசல் ஊற்ற ஒரு வாய், குடிதண்ணீர் ஊற்ற ஒரு வாய், தளத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பதற்கென்று சில தட்டுகள். படகு வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், இருக்கைத் துணியின் நிறத்துக்காகப் பெண்டாட்டியோடு சண்டை போடுவார்கள். மூடியைப் பற்றி எவனும் வாயைத் திறக்க மாட்டான். பட்ட பிறகுதான் அதற்கும் ஒரு மரியாதை வரும்.

கல்யாணமாகி வந்த புதிதில் படகு என்றால் அவளுக்குத் தூரத்தில் மிதக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான். கணவருக்குத் துறையை ஒட்டி ஒரு பட்டறை இருந்தது. ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது, தளத்து ஓட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு குழாய் கிளாம்பை இறுக்க வேண்டும். கை உள்ளே போய்விட்டது, வெளியே வரமாட்டேன் என்கிறது. சோப்புத் தண்ணீரை ஊற்றித்தான் உருவினார்கள். "கொஞ்சம் தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று அவள் குப்புறப் படுத்துக் கையை விட்டாள். கண்ணால் பார்க்காமலே விரலால் தடவித் திருகாணியைக் கண்டுபிடித்து இறுக்கிவிட்டு எழுந்தாள். அன்றைக்கு அவர் வாய் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் பட்டறைக்குள் காலை வைத்தாள்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போயிற்று என்று சொன்னால் போதாது, பைத்தியமாகவே ஆகிவிட்டாள். எந்த இடத்தில் ஓட்டை போட்டால் தண்ணீர் தேங்காது, எங்கே போட்டால் நடக்கிறவன் கால் இடறாது என்று தளத்தின்மேல் முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து பார்ப்பாள். ஓட்டையை அறுத்த பிறகு ஓரத்தில் தெரிகிற மரத்துக்கு நாலு பக்கமும் பிசின் பூசாமல் விடமாட்டாள். விட்டால் அந்த மரம் தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஒருநாள் தளமே காலுக்கடியில் மெத்து மெத்தென்று அமுங்கும். டீசல் வாயிலிருந்து தொட்டிக்குப் போகிற எர்த் ஒயரை, கண்ணில் படாத இடம்தானே என்று மற்றவர்கள் அரைகுறையாகச் செருகிவிட்டுப் போவார்கள். அவள் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

சாமான் வாங்க வருகிறவர்களிடம் அவள் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். "மினுக்கறதைப் பாத்து வாங்காதீங்க. உள்ள மட்டமான உலோகம், மேல முலாம். உப்புக்காத்து பட்டா ஒரு மழைக்காலம் தாங்காது, கொப்புளம் கொப்புளமா வந்துடும்." யாராவது பிளாஸ்டிக் மூடியை எடுத்தால், "நிழல்ல நிக்கிற படகா? அப்ப சரி. வெயில்ல கிடக்கிறதுன்னா இது அப்பளமா நொறுங்கும்" என்பாள். திருகாணியும் தட்டும் ஒரே உலோகமாக இருக்க வேண்டும். ரப்பர் வளையத்துக்கு அவ்வப்போது கிரீஸ் தடவ வேண்டும். வளையம் தட்டையாகிப்போனால் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும். "முகம் பாத்து வளையத்தை வச்சுக்கிட்டு இருக்காதீங்க, அது உங்க சொந்தக்காரன் இல்லை" என்று அவள் சொன்னது துறை முழுக்கப் பரவியது.

இதற்கெல்லாம் மேலே அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு மூடியைத் திறந்தால் துடைத்து, கிரீஸ் போட்டு, அதை மூடிய பிறகுதான் அடுத்ததில் கை வைப்பாள். எவ்வளவு அவசரம் என்றாலும் இரண்டை ஒன்றாகக் கழற்ற மாட்டாள். ஒரே ஆள் செய்த மூடிகளுக்குத் திருகு மரை ஒன்றுபோலவே இருக்கும், எதை எதில் வைத்தாலும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். கணவருக்கு இது வேடிக்கை. "இவ ஒரு மூடிக்கு ஒரு முகூர்த்தம் பாப்பா" என்று வேலையாட்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பயணிகளைத் தீவுக்கு ஏற்றிப்போகிற ஒரு படகு அந்தச் சமயத்தில் பட்டறைக்கு வந்தது. துறையிலேயே பெரிய வாடிக்கை. அதன் முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் மற்ற படகுக்காரர்கள் தலையாட்டுவார்கள். டீசலுக்கும் தண்ணீருக்கும் புதிய வாய்கள் வேண்டும். தளத்தில் பதிகிற கழுத்திலேயே எழுத்து வெட்டிய ஜோடியை வாங்கச் சொன்னாள் அவள். கணவர் வாங்கி வந்ததோ கண்ணைப் பறிக்கிற வேறு ஜோடி. அதில் டீசல், தண்ணீர் என்ற எழுத்து மூடியில் மட்டும்தான் இருந்தது.

"மூடி கழண்டு வர்ற சாமான்ங்க. கழுத்துதான் படகோட இருக்கும். எழுத்து அதுல இல்லாட்டி என்னைக்காவது வம்பு."

"கொட்டை எழுத்துல போட்டிருக்கான், அது போதாதா? உனக்கு எதை எடுத்தாலும் ஒரு நொட்டை."

சரி, வாங்கியாயிற்று என்று அதையே பொருத்தினாள். படகை ஒப்படைக்கிற அன்று அவர்களுடைய சின்னப் பையனுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. எல்லாவற்றையும் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அவள் போன பிறகு, முதலாளி வரும்போது சும்மா தகதகவென்று இருக்கட்டுமே என்று கணவர் இரண்டு மூடிகளையும் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். பாலிஷ் தடவித் தேய்த்தார். முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தார். தேய்த்து முடித்து டீசல் மூடியைத் தண்ணீர் வாயிலும், தண்ணீர் மூடியை டீசல் வாயிலும் வைத்துத் திருகினார். இரண்டும் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன.

எரிபொருள் ஊற்றுகிறவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன். படித்துப் பார்த்துத்தான் டீசலையும் தண்ணீரையும் ஊற்றினான். பாதி வழியில் யாருக்கோ டீ போட்டார்கள், டீயில் டீசல் நாற்றம். அது என்ன என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இருமியது, நின்றது. காற்று அடித்து நொறுக்குகிற நாள். படகு திசை தெரியாமல் ஆட, குழந்தைகள் அலற, பெரியவர்கள் வாந்தியெடுக்க, இன்னொரு படகு போய்க் கயிறு கட்டி இழுத்து வர வேண்டியதாயிற்று. ஒரு அம்மாளுக்குக் கை முறிந்துவிட்டது. உயிர் போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

முதலாளி நேராகப் பட்டறைக்கு வந்தார். முன்கூடத்தில் அவர் காத்திருக்க, கணவர் அவளைச் சாமான் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் மாத்தி வச்சுட்டேன். கழட்டும்போது யோசிக்கலை."

"ரெண்டையும் ஒண்ணாவா கழட்டினீங்க?"

"இப்ப அதையா கேக்கறது? இங்க பாரு. நீன்னு சொல்லிடு. பையனுக்குக் காய்ச்சல், பதட்டத்துல மாறிப்போச்சுன்னு சொல்லு. பொம்பளைன்னா திட்டிட்டு விட்டுடுவாங்க. நான்னு தெரிஞ்சா பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"என் கை வேலையை நானே கெடுத்தேன்னு நானே சொல்லணுமா?"

"கொஞ்ச நாள்தான். சூடு ஆறட்டும், நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

நிஜமாகவே குனிந்துவிட்டார். அவள் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். கதவைத் திறந்துகொண்டு முன்கூடத்துக்குப் போய், "நான்தாங்க மாத்தி வச்சுட்டேன்" என்றாள். சொல்லும்போது தரையையே பார்த்தாள். அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டார் முதலாளி.

பொம்பளை என்றால் விட்டுவிடுவார்களாம்! விட்டார்கள், பட்டறையை மட்டும் விட்டார்கள். இனிமேல் அந்தம்மா எங்கள் படகில் ஏறக் கூடாது என்று துறையில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார்கள். தளத்தில் முட்டி போட்டு நகர்ந்தவள் பட்டறையின் பின்பக்கம் ஒரு மேசைக்குப் போனாள். அளவு பார்த்து வளையம் எடுத்துக் கொடுப்பதும், திருகாணிகளைப் பொட்டலம் கட்டுவதும் வேலையாயிற்று. ஜன்னல் வழியே படகுகள் தெரியும். யாரோ ஒரு புது ஆள் பசையைப் பூசி, காயவிடாமல் முதல் நாளே முழு முறுக்கு முறுக்கி, பசையெல்லாம் பிதுங்கி வெளியே வருவதும் தெரியும். எழுந்து போய்ச் சொன்னால், "அக்கா, நீங்க சொல்றீங்களா?" என்று அவன் ஒரு சிரிப்புச் சிரிப்பான். அதற்குப் பிறகு அவள் ஜன்னல் பக்கம் முதுகு தெரிய உட்கார்ந்தாள்.

சூடு ஆறியது. கணவர் வாய் திறக்கவில்லை. கேட்டால், "இப்பத்தான் ரெண்டு புது வாடிக்கைக்காரங்க வந்திருக்காங்க, இப்பப் போய் எதுக்கு?" என்பார். அப்புறம், "பையன் படிப்பு முடியட்டும்." அப்புறம், "அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம், அப்பன் பேரு கெடணுமா?" கடைசியில் அவள் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு அழுதபோது, "பட்டறையைப் பையன்கிட்ட கொடுத்துட்டு நான் விலகற அன்னிக்கு, எல்லாரையும் கூப்பிட்டு வச்சு என் வாயால சொல்றேன். சத்தியம்" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் அந்த வீட்டில் சோறு வடித்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சொல்ல ஆரம்பித்தார், வேறு மாதிரி. புதிதாக வருகிற வாடிக்கையாளர் தயங்கினால் போதும், "எங்க பட்டறையில தப்புக்கு இடமே இல்லைங்க. என் பொண்டாட்டியே ஒரு தடவை மூடியை மாத்தி வச்சா. வீட்டுக்காரின்னும் பாக்கலை, அன்னிலேருந்து தளத்துல ஏத்தலை" என்பார். கேட்கிறவர்கள் அசந்துபோவார்கள். நேர்மையான மனுஷன் என்று பெயர் வந்தது, வேலையும் வந்து குவிந்தது. முன்கூடத்துச் சுவரில் பெயிண்டரைக் கூப்பிட்டுப் பெரிதாக எழுதி வைத்தார்: ஒரு மூடியை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கவும். கீழே அவர் பெயர். அவள் தினமும் அதைக் கடந்துதான் பின்பக்கத்து மேசைக்குப் போக வேண்டும்.

விலகுகிற நாளும் வந்தது. பட்டறை முற்றத்தில் நாற்காலி போட்டு, படகுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தீவுப் படகு முதலாளி, தலை நரைத்து, முதல் வரிசையில். பையனும் மருமகளும் எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். அவள் காலையிலேயே குளித்து, நல்ல உடையாக உடுத்தி, கைகளைக் கோத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கணவர் எழுந்தார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல கிடக்கு. அதைச் சொல்லாம இறங்க மாட்டேன்" என்றார்.

அவள் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள். இத்தனை வருஷத்துக் கசப்பும் அந்த ஒரு நொடியில் கரைந்துபோன மாதிரி இருந்தது. பாவம், பயந்த மனுஷன், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்றுகூட நினைத்தாள்.

"என் வீட்டுக்காரி அன்னிக்கு ஒரு தப்பு பண்ணினா. உங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்காக நான் அவளை ரொம்பவே தண்டிச்சுட்டேன். வயசாயிடுச்சு, மனசு கேக்கலை. இன்னிக்கு உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன், நான் அவளை மன்னிச்சுட்டேன். இனிமே அவ எந்தப் படகுல வேணும்னாலும் ஏறலாம்."

கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தீவுப் படகு முதலாளி திரும்பி, "நான் எப்பவோ மறந்துட்டேன்மா" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "நான் பண்ணலை" என்றாள். கைதட்டல் ஓயவில்லை. இன்னும் சத்தமாக, "நான் பண்ணலைங்க. அவர்தான் ரெண்டு மூடியையும் கழட்டி மாத்தி வச்சார்" என்றாள்.

கைதட்டல் நின்றது. ஒருவரும் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. எல்லார் முகத்திலும் ஒரு பரிதாபம். பையன் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, இன்னிக்குப் போய் ஏம்மா? அன்னிக்கு நீங்களே ஒத்துக்கிட்டீங்கதானே? முதலாளிகிட்டயே சொன்னீங்களாமே?"

"சொன்னேன். சொல்லச் சொன்னாருடா."

"சரிம்மா. சரி. உக்காருங்க."

குழந்தையை உட்காரவைக்கிற மாதிரி உட்காரவைத்தான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. சாமான் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் என்ன சொன்னீங்கன்னு சொல்லுங்க."

கணவர் அவளையே பார்த்தார். பொய் சொல்கிறவன் முகம் அவளுக்குத் தெரியும், அதோடுதான் அவள் குடும்பம் நடத்தினாள். கண் ஓரமாக நழுவும், விரல் காதைத் தேடும். இப்போது கண் நழுவவில்லை, விரல் எங்கேயும் போகவில்லை. சொல்லிச் சொல்லி அவர் மனசுக்குள் அந்தக் கதைதான் நடந்ததாக ஆகிப்போயிருந்தது. நிஜமாகவே ஒன்றும் புரியாமல், மனம் நொந்துபோய் நின்றுகொண்டிருந்தார்.

"எந்த ரூமு?" என்றார்.