அக்கா ஏறாத வண்டி

எங்கள் அக்கா இறைவனில் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் மற்றப் பக்கங்களில் உறவினர்கள் அவரைப் பொறுமையின் வடிவம் என்றும், யாரையும் கடிந்து பேசாதவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இறந்தவர்களைப் பற்றி அப்படித்தான் எழுதுவது வழக்கம். ஆனால் நான் உடன்பிறந்த தம்பி. ஐம்பது ஆண்டுகளாக அவரிடம் திட்டு வாங்கியவன். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. அரைகுறை வேலையைக் கண்டால் முகத்தைச் சுளித்து, "கருமம்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

அக்கா பிறந்தது தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர். அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டதால் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னை வளர்த்தவர் அக்காதான். பிறகு லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் சின்ன இடம் பிடித்து, விசேஷங்களுக்கு அண்டா, நாற்காலி வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கினார். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை முடிந்ததும் நானும் அவருடன் சேர்ந்துகொண்டேன். கல்யாணம், பங்குக் கோயில் திருவிழா, நோன்பு துறப்பு என்று எங்கள் அண்டாக்கள் போகாத இடமில்லை. கழுவாமல் திரும்பி வந்த அண்டாவை, அடியில் புளித்த சாம்பாரோடு, வாடகைக்கு எடுத்தவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். அப்படிச் சில உறவுகள் விட்டுப்போயின. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் சிலருக்கும் அது நினைவிருக்கும்.

சாமான் ஏற்ற எங்களிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு. நோயில் விழும்வரை அதை ஓட்டியவர் அக்கா. பக்கத்தில் நான், பின்னால் நாற்காலிகளோடு எங்கள் வேலையாட்கள் முருகையனும் ரஹீமும். வயதான வண்டிக்கு அவ்வப்போது ஸ்டீரிங் ஆட்டம் கண்டுவிடும். கையில் வட்டம் திரும்பும், சக்கரம் திரும்பாது. எந்த மூட்டு தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, மற்றவர் வண்டிக்கடியில் படுத்து, சக்கரத்துக்குப் போகும் தண்டின் ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டு உள்ளங்கையில் தட்டும். எங்களில் அசைப்பவன் நான். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அடியில் படுப்பவர் அக்கா. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகும்போது, எதை மாற்ற வேண்டும் என்று அவர்தான் சொல்வார்.

அறுபது வயதை நெருங்கியபோது அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒருமுறை கையில் கிருமித் தொற்று ஏற்பட்டு இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தார். அந்த நேரம் பார்த்து ஸ்டீரிங் மறுபடியும் ஆடியது. படுக்கையில் இருந்தபடியே, "மூட்டு போயிருக்கும்டா. ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டு மாத்திடு" என்றார். திருவிழாக் காலம், இரண்டு நாள் வண்டியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவன் வண்டிக்கடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மூட்டெல்லாம் எதுக்கு லா? ஸ்டீரிங் பாக்ஸ் மேல ஒரு ஸ்க்ரூ இருக்கு, அத டைட் பண்ணா ஆட்டம் நின்னுடும். இன்ஸ்பெக்‌ஷன்ல கூட தெரியாது" என்றான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பல்லைக் குத்திக்கொண்டே, கிரீஸ் கையை எங்கள் நாற்காலி உறையில் துடைத்துவிட்டுப் போனான். ஆனாலும் அவனைப் பார்த்து இளித்தேன், நன்றி சொன்னேன். அந்த இளிப்பை நினைத்தால் இன்றும் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்று மாலை அக்காவிடம், "சரி பண்ணியாச்சுக்கா" என்றேன்.

"மூட்டு மாத்துனியா?"

"மாத்தியாச்சு."

மருத்துவமனையிலிருந்து அவரை அந்த வண்டியில்தான் பொங்கோலில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். நேர்ச் சாலையில் ஸ்டீரிங் கல்லுப் போல நின்றது. வளைவில்தான் குட்டு வெளிப்பட்டது. வழக்கமாகத் திருப்பி முடித்ததும் தானே பழைய இடத்துக்கு வரும் ஸ்டீரிங், அந்த ஸ்க்ரூவை இறுக்கியதால் திரும்பியபடியே நின்றுவிட்டது. நான்தான் கையால் இழுத்து நேராக்கினேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதும், "கீழ படு" என்றார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நான் பழைய அட்டையை விரித்துப் படுத்தேன். ஒற்றைக் கையால் ஸ்டீரிங்கை அசைத்தார். மூட்டில் கை வைத்தேன்.

"தட்டுதா?"

மூட்டிலிருந்து கையை எடுத்தேன்.

"தட்டுதாடா?"

"தட்டுதுக்கா."

"அப்ப எதைடா மாத்துன?"

"கருமம்" என்றார். அந்தச் சொல் அதுவரை வண்டிகளுக்கும் அண்டாக்களுக்கும்தான் கிடைத்திருந்தது. அன்று எனக்குக் கிடைத்தது. நான் எழுந்து வந்தபோது சொன்னார்: "எங்கிட்ட பொய் சொன்னது கெடக்கட்டும். பின்னாடி உக்கார்றானுங்களே, அவனுங்களுக்கு ஊர்ல புள்ளைங்க இருக்கு. அத நெனச்சியா நீ?"

மறுநாள் முருகையனையும் ரஹீமையும் கூப்பிட்டு, மூட்டு மாற்றும்வரை அந்த வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்கள் வேலைக்கு ரயிலில் வந்தார்கள். அக்கா டயாலிசிஸுக்குப் பேருந்தில் போனார். நான் எவ்வளவு கெஞ்சியும் ஏறவில்லை. "நாளைக்கு மாத்திடுறேன்க்கா" என்று தினமும் சொன்னேன். "மாத்திட்டுச் சொல்லு" என்பார். ஒரு ஆர்டர் முடிந்தால் இன்னொரு ஆர்டர். ஒரு மாதம் இப்படியே ஓடியது. கோபத்தில் இருக்கிறார், தணிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அது கோபம் இல்லை. என் வேலை அவருக்கு அருவருப்பாக இருந்தது. கழுவாத அண்டாவை அவர் தொடுவாரா?

ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆம்புலன்ஸ் மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்காவின் உடலை வைத்தோம். வருகிறவர்கள் உட்கார எங்கள் நாற்காலிகளையே எடுத்துவர வேண்டியிருந்தது. கடை வாசலில் ஏற்றி முடித்ததும், பழக்கத்தில் முருகையனிடம், "ரெண்டு பேரும் ஏறுங்க" என்றேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனாலும் ஏறவில்லை. "வேணாம்ணே. ஏறக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க. நாங்க ரயில்ல வந்துடுறோம்" என்றார்.

அங்கே அக்கா பெட்டிக்குள் கிடக்கிறார். இங்கே நான் இன்னமும் ஆட்களை அதே வண்டியில் ஏறச் சொல்கிறேன். அடக்கம் முடிந்த மறுநாள் வண்டியைப் பட்டறையில் விட்டு, தேய்ந்த மூட்டுகளை மாற்றினேன், அந்த ஸ்க்ரூவையும் முறைப்படி வைக்கச் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் முருகையனை ஸ்டீரிங்கை அசைக்கச் சொல்லிவிட்டு அடியில் படுத்தேன். எதுவும் தட்டவில்லை. "மாத்திட்டேன்க்கா" என்று சொல்ல ஆளில்லை.

அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய பங்குத் தந்தைக்கும், பாடகர் குழுவினருக்கும், அக்காவின் திட்டுகளைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்ட டயாலிசிஸ் நிலையத் தாதியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் சொல்லை அவர் போன பிறகும் காப்பாற்றிய முருகையனுக்கும் ரஹீமுக்கும் நான் தனியாகக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெயர் தெரியாது, இந்த மலர் அவர்கள் கைக்குப் போகப் போவதுமில்லை. அந்த ஒரு மாதம் அக்காவை ஏற்றிச் சென்ற பேருந்து ஓட்டுநர்களைச் சொல்கிறேன். ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து தள்ளாடி வந்தவரை ஒரு சீன ஓட்டுநர் இறங்கி வந்து கைப்பிடித்து ஏற்றினார். அக்கா உட்கார்ந்த பிறகுதான் பேருந்தை எடுத்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பக்கத்து இருக்கை காலியாக, அதே வண்டியில், அந்தப் பேருந்துக்குப் பின்னால் வீடுவரை வந்தேன்.