நூல் புகுந்த கியர்பாக்ஸ்

போன வாரம் திருப்பதியில் மூக்குக்கண்ணாடி வாங்கியபோது, துடைக்க ஒரு சின்னத் துணியும் கொடுத்தார்கள். உறையின் மேல் 'லின்ட் ஃப்ரீ' என்று இருந்தது. படித்ததும் கருகிய ஆயில் வாசம் வந்தது. கடைக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது எங்கள் வீட்டு வாசலில் பிரித்துப்போட்ட கியர்பாக்ஸின் வாசம் அது.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் பாதி ஊருக்கு விசைத்தறிதான் சோறு போடும். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவும் இருபது வருடம் தறி முன் நின்றவர். இடது முட்டி போனதும், கிளட்ச் மிதிக்க வேண்டாத பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கித் திருப்பதிக்குச் சவாரி ஓட்டினார். அது நின்றால் அந்த முட்டியோடு மறுபடி தறிக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கியர் இழுக்காமல் போனபோது, ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நைனாவுக்கு அங்கேயே சந்தேகம். "நல்ல சாமானைக் கழட்டிகினு பழசை மாட்டிடுவானுங்க. நம்ம கண்ணு முன்னாலயே பிரிக்கலாம்."

தறி ரிப்பேர் செய்யும் மாமா, அம்மாவின் தம்பி, ஸ்பானரோடு வந்தார். நான் இணையத்தில் கிடைத்த மேனுவலை அச்செடுத்து வந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். "இன்னா போட்டுக்குது, படி பாப்பா" என்று மாமா கேட்கும்போதெல்லாம் ஸ்டூல் ஒரு சாண் உயர்ந்தது போலிருந்தது. நன்னாரி சர்பத் நிறத்தில் ஆயில் வடிந்தது.

மாமா மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. எங்கே நட்டு, போல்ட்டு கிடந்தாலும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வால்வு இருக்கும் பலகையைத் திறந்ததும் மிளகு மாதிரி இரும்புக் குண்டுகள் உருண்டன. மேனுவலில் எட்டு. நாங்கள் பொறுக்கிவைத்த சாப்பாட்டுத் தட்டில் ஏழு.

"மாமா, பையைக் காட்டு."

"போலீஸு வேலைக்கா படிச்சிகினுகிற நீ?" சிரித்துக்கொண்டே பையைத் திருப்பிக் காட்டினார். பீடிக்கட்டு, ஒரு தறி ஸ்பிரிங்.

"அந்தத் தட்டுல இனிமே யாரு துன்றது?" என்பது மட்டும்தான் அம்மாவின் கவலை.

எட்டாவது குண்டு, ஆயில் தொட்டியின் அடியில் இருந்த காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்கவில்லை.

கையில் இருந்தது வேஸ்ட். தறியில் மிஞ்சும் வெள்ளை நூல் கழிவுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கைகால் முதல் மிஷின் வரை எல்லாவற்றையும் அதில்தான் துடைப்போம். மேனுவலில் 'லின்ட் இல்லாத துணியால் துடைக்கவும்' என்றிருந்தது. லின்ட் எனக்குத் தெரியாத வார்த்தை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"சுத்தமான துணியால தொடைக்கணுமாம்."

"நம்ம வேஸ்ட்டை வுட சுத்தம் எது இருக்குது?" என்று மாமா குண்டு குண்டாகத் துடைத்தார்.

நாலு நாள் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. ஐந்தாம் நாள் வடமாலபேட்டை தாண்டி, சவாரியோடு நின்றது. எஞ்சின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு அதே ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போனோம். மெக்கானிக் ஆயில் ஓடும் சந்துகளிலிருந்து ஊசியால் நூலைப் பிசிர் பிசிராக இழுத்துப் போட்டார். ஆயில் வராமல் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருந்தன.

"ஏமன்னா, இதி கியர்பாக்ஸா, மக்கமா?" என்றார். மக்கம் என்றால் தெலுங்கில் தறி.

நைனா மாமாவைப் பார்த்தார். "நூலால தொடைச்சது நீதான மச்சான்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் போனில் அந்த வார்த்தையைத் தேடினேன். லின்ட்: துணியிலிருந்து உதிரும் நூல் பிசிர். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

சரிசெய்யக் கேட்ட பணம் எங்களிடம் இல்லை. கார் பழைய இரும்புக்குப் போயிற்று. நைனா தறிக்குப் போனார். இன்றும் வலது காலில் பாரம் போட்டு நிற்கிறார். மாமா சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். எனக்கு வேலை கிடைத்த பிறகு ஒருநாள் போன் செய்து, அந்த வரியை அவருக்குச் சரியாகப் படித்துக் காட்டினேன்.

"சரி, வுடும்மா. ஷிப்டுக்கு நேரமாயிடுச்சி."

முன்பெல்லாம் மாமா கரண்ட் பில், பேங்க் நோட்டீஸ், மாத்திரை அட்டை, எது வந்தாலும் சைக்கிளில் கொண்டுவந்து என்னிடம்தான் நீட்டுவார். இப்போது யார் படித்துச் சொல்கிறார்களோ, எனக்குத் தெரியாது.