பெரியப்பா பக்கத்து ஓட்டை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதன்முதலாகச் சீலிங் அடித்த வீடு எங்களுடையதுதான். பவுசுக்காக அடித்தது என்று லயமே நினைத்தது. உண்மையில் அப்பா அதைக் கோபத்தில் அடித்தார்.

லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே நிற்கும் சுவர் கூரைத் தகரம்வரை போகாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டுக்கும் வாசம் வரும். எங்களுக்கு அடுத்தது, லயத்தின் கடைசி வீடு, பெரியப்பா வீடு. அவருடைய மாடு எங்கள் லீக்ஸ் பாத்தியை மேய்ந்துவிட, அண்ணனும் தம்பியும் வாய்க்கு வந்ததைப் பேசி, அதோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அவர் குரல்கூடக் காதில் விழக் கூடாது என்று அப்பா ஹார்ட்போர்ட் வாங்கி வந்து வீடு முழுக்க அடித்து, வெள்ளைப் பெயின்டும் பூசினார். எனக்குத்தான் நஷ்டம். சுவருக்கு மேலாகப் பெரியப்பா மகளோடு கத்திக் கத்திப் பேசும் சுகம் போயே போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு வீடு தண்ணீர் கொடுக்க மலைமேல் தொட்டி கட்டினார்கள். லயத்தின் ஒரு முனையிலிருந்து கூரைக்கு அடியில், சுவர்களுக்கு மேலாகவே கடைசி வீடுவரை பைப் போக வேண்டும். மற்ற வீடுகளில் ஒரு தொல்லையும் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் சீலிங்கை வெட்டியாக வேண்டும். வெட்டாவிட்டால் பெரியப்பா வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது. பெரியம்மாவோ மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்து, கை முறிந்து, ஒரு குடம் தூக்க வழியில்லாமல் இருந்தார்.

“என் சீலிங்குல எவனாச்சும் கை வச்சா தெரியும் சேதி” என்று அப்பா உறுமினார். அம்மா மல்லுக்கு நிற்கவில்லை. ஹட்டனில் பைப் வேலை செய்துகொண்டிருந்த தன் தம்பியை வரச்சொன்னார். மாமா வந்து அண்ணாந்து பார்த்தார்.

“அடேயப்பா! பங்களா மாதிரியில்ல செஞ்சி வச்சிருக்கீங்க மச்சான். ரெண்டே ரெண்டு ஓட்டைதான். வெட்டுனதே தெரியாம மூடித் தாறேன்.”

“கையொடஞ்சி கெடக்குற அக்கா நம்மளால தண்ணியில்லாம கெடக்கணுமா?” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்பா மேசையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார்.

எங்கள் குழாய் இறங்குகிற மூலையில் ஓர் ஓட்டையும், பெரியப்பா பக்கத்துச் சுவரோரம் தலை நுழைகிற அளவுக்கு இன்னோர் ஓட்டையும் மாமா அறுத்தார். அப்பா சுவரோரத்து ஓட்டையில் தலையை விட்டுப் பைப்பைத் தாங்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் அதை வாங்கிக்கொண்டது பெரியப்பா. ஒரே பைப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மாமாவிடம் மட்டும்தான் பேசினார்கள். “கொஞ்சம் தூக்கச் சொல்லு.” “மெதுவா தள்ளச் சொல்லு.” எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா முறைத்தார்.

மூலையில் இருந்த ஓட்டையை மாமா பலகை வைத்து மூடினார். மற்றதை மூட அப்பா பலகையைக் கையில் எடுத்தார்.

“அத மூடாதீங்க மச்சான். ஜாயின்ட் அங்கதான் இருக்கு. லீக் ஆனா எப்புடிப் பாக்குறது?”

அப்பா ஓட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். “சரி, கெடந்துட்டுப் போகட்டும்” என்று பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அன்று சாயங்காலமே ஓட்டை வழியாகப் பெரியப்பாவின் இருமல் வந்தது. கருவாட்டு வாசமும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் கேட்காத மாதிரி அவர் குரல்: “அங்கிட்டுத் தண்ணி வருதா?”

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. “வருது. அங்க?”

“வருது, வருது. ஒன் மதினி கொழாயத் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டிருக்கா.”

எனக்கு ஒரே சந்தோஷம். மேசைமேல் ஏறி நின்று பெரியப்பா மகளைக் கூப்பிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு அப்பா அடிக்கடி அந்த ஓட்டைக்குக் கீழே வந்து நிற்பார். கேட்டால், “ஜாயின்ட்டப் பாக்குறேன்” என்பார். ஒருநாளும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

போன வருடம் தகரம் மாற்றுவதற்காகக் கூரையைப் பிரித்தோம். அந்த ஓட்டைக்கு மேலே ஜாயின்ட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நேராக ஒரே பைப் சுவரைத் தாண்டிப் போயிருந்தது. உடனே மாமாவுக்குப் போன் போட்டேன்.

“எங்கப்பாவ நல்லா ஏமாத்தியிருக்கீங்களே மாமா!”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “போடி பைத்தியம். அவர யாரு ஏமாத்துனது? அந்த ஓட்டையில தலைய விட்டு, பைப்பப் புடிச்சிக்கிட்டு நின்னதே ஒங்கப்பாதானே.”