பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்

மெட்ராஸில் கடல் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்திருக்கிறோம். தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறும்போது, கணவரும் மகளும் ஏறியதுமே வண்டி கிளம்பிவிடுகிறது. கைக்குழந்தையோடு பிளாட்பாரத்தில் நிற்கிறேன். அழுகை முட்டுகிறது.

"இன்னாத்துக்கு அழுவுற? அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி நிப்பாரு, வா," என்று ஒரு பூக்காரம்மா என்னை அடுத்த வண்டியின் பெண்கள் பெட்டியில் ஏற்றி, தானும் ஏறிக்கொள்கிறார்.

அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் இருவரும் நிற்கிறார்கள்! கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பெயரை ஜன்னல் வழியே கத்துகிறேன்: "முருகேசன்!"

மகளைத் தூக்கிக்கொண்டு அவர் எங்கள் பெட்டியிலேயே பாய்ந்து ஏறுகிறார். பெண்கள் கூச்சலிடுகிறார்கள்.

"வுடுங்கம்மா, பொண்டாட்டிய தொலைச்சிட்டு நின்னவரு," என்கிறார் பூக்காரம்மா. பெட்டியே சிரிக்கிறது.

"பேர் சொல்லியா கூப்பிட்டே?" மூச்சுவாங்கக் கேட்கிறார் கணவர்.

தலைகுனிகிறேன்.

"இன்னொரு தடவை கூப்பிடு."