சுகந்தா முதலில் சாப்பிட்ட மாலை

சுகந்தாவின் புருஷன் துஷாந்தனைப் பற்றி ஷார்ஜாவின் ரோலா பகுதியில் யாரிடம் கேட்டாலும் தங்கமான மனிதன் என்பார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தங்கம் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் கை நீட்டும். அதுவும் முகத்தில் அடிக்காது. துணி மறைக்கிற இடமாகப் பார்த்து அடிக்கும்.

சுகந்தா யாழ்ப்பாணத்துக்காரி. துபாயில் நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். கல்யாணமாகி ஷார்ஜாவுக்கு வந்த நாள் முதல் அவள் வீட்டில் ஒரு சட்டம்: அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் வாயில் எதுவும் போகலாம். ஒருநாள் டியூட்டி முடிந்த பசியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு துண்டு ரொட்டியைக் கடித்துவிட்டாள். விலா எலும்பில் விரிசல். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னாள். பிறகு ஒரு தடவை போலீசுக்கும் போனாள். சாட்சி இல்லை, அவன் அழுதான், புத்தி சொல்லி இருவரையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போனதும் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் மருத்துவமனையே அவளுக்குத் தனி விசா எடுத்துக்கொடுத்தது. இனி அவன் தயவில் இங்கே இருக்க வேண்டியதில்லை. அதைக் கொண்டாட, மரீனா பக்கம் எப்போதும் கூட்டம் நெரியும் ஒரு ஸ்பானிய தபாஸ் பாருக்கு அவளை அழைத்துப் போனேன். அங்கே சின்னச் சின்னத் தட்டுகளாக வரும். ஆளுக்கொரு தட்டு என்பதெல்லாம் கிடையாது, ஒரே தட்டில் எல்லாரும் எடுக்க வேண்டியதுதான். பூண்டு மிதக்கும் எண்ணெயில் இறால், மண்சட்டியில் கொதித்தபடியே வந்தது. சுகந்தா ஒரு இறாலை எடுத்து நிதானமாகத் தின்றுவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, அவரை இஞ்ச வரச் சொன்னனான். நான் முதல் சாப்பிடுறதைப் பாத்தா அவருக்கு விசர் பிடிக்கும். இஞ்ச சனம் இருக்கு, கேமரா இருக்கு. இதில வச்சு அடிக்கட்டும்."

உனக்கென்ன பைத்தியமா, எழுந்து போய்விடலாம் என்றேன். அவள் அசையவில்லை.

"நீங்கள் மட்டும் கை வைக்கக் கூடாது. ஒருக்கால் தொட்டாலும், ரெண்டு பக்கமும் பிழை, சமாதானமாப் போங்கோ எண்டு என்னைத் திரும்ப அவரோட அனுப்பிப்போடுவினம்."

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். திருச்சி டவுன் பஸ்ஸில் இடித்தவனைச் செருப்பால் அடித்தவள் நான்.

துஷாந்தன் சிரித்த முகத்தோடுதான் வந்தான். எனக்கு வணக்கம் வைத்தான். பிறகு மேசையைப் பார்த்தான், அவள் வாய் அசைவதைப் பார்த்தான். "எழும்பு" என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

"இருங்கோ. நாங்கள் இன்னும் முடிக்கேல்லை. வேணுமெண்டா இதில எடுங்கோ." பாதி கடித்த இறால் கிடந்த தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

மனைவியின் எச்சில் தட்டு. தலைமுடியைப் பிடித்து அவள் முகத்தை மேசையில் மோதினான். சட்டி கவிழ்ந்து கொதிக்கும் எண்ணெய் அவள் முன்னங்கையில் கொட்டியது. அவள் அலறினாள். முடியை விடாமலே தூக்கி வாயில் குத்தினான். உதடு கிழிந்தது. கீழே விழுந்தவளின் வயிற்றில் மிதித்தான். என் கை பக்கத்தில் ஒரு முள்கரண்டி கிடந்தது. அதை அவன் கழுத்தில் இறக்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது, பொய் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிறவர்களும் பக்கத்து மேசை ஆண்களும் அவனை இழுத்துப் பிடிப்பதற்குள் இன்னொரு மிதி விழுந்துவிட்டது. நீ அவளுடைய தோழிதானே, வேடிக்கையா பார்க்கிறாய் என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேரே ஆங்கிலத்தில் கத்தினாள். நான் கைகளை வெளியே எடுக்கவே இல்லை.

சுகந்தாவின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்தோம். நாங்கள் இருவரும்தான் முதலில் அடித்தோம் என்று துஷாந்தன் சாதித்தான். அதிகாரி கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தார். அவள் கையும் ஓங்கவில்லை, என் கையும் ஓங்கவில்லை. பிறகு உருதுவில் சுகந்தாவைக் கேட்டார்: கணவரை மன்னிக்கிறாயா, வழக்குப் போடவா?

துஷாந்தனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத குழைவோடு, "சுகந்தா, வா, வீட்டை போவம்" என்றான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நிமிடம் எனக்கு உயிரே இல்லை. பிறகு அதிகாரியிடம், தனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், மன்னிக்க மாட்டேன், வழக்குப் போடுங்கள் என்றாள்.

அவனை உள்ளே அழைத்துப் போனார்கள். கதவு மூடியதும் நான் உடைந்து அழுதேன். நிறுத்தவே முடியவில்லை. சுகந்தா கட்டுப் போடாத கையால் என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.