நாலு பேரும் மேடையேறிய நாள்

அந்தக் காலத்தில் மாமாவுக்கு இரண்டு வேண்டுதல்கள் இருந்தன. ஒன்று, எண்பத்துமூன்றின் இனக்கலவரம் திரும்ப வரக்கூடாது. மற்றது, கண்டியில் ரொக் பாட்டு வாசித்துவந்த நால்வர் குழு திரும்பவும் ஒன்றுசேர வேண்டும். இதில் எது பெரிது என்று கேட்டிருந்தால் அவர் கொஞ்சம் திணறித்தான் போயிருப்பார்.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வங்கி வேலைக்குக் கண்டிக்கு வந்து எங்களுடனேயே தங்கியிருந்தார். அவர் கொண்டாடிய குழுவில் பாடியவர் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர், டிரம் அடித்தவர் சிங்களவர், பேஸ் கிற்றார் வாசித்தவர் ஒரு மலாய்க்காரர். முன்னால் நின்று கிற்றார் வாசித்தவர் மட்டும் தமிழர். தோள்வரை வளர்த்த முடியை ஆட்டிக்கொண்டு அவர் வாசித்தால் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்பார் மாமா. கலவரத்தில் அந்தக் கிற்றார்காரரின் வீடு எரிந்தது. அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. மற்ற மூவரும் அவருடைய இடத்துக்கு ஆள் தேடாமல் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

மாமாவும் வங்கியில் கூட வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவரும் பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் உட்கார்ந்து கிற்றார்காரரைப் பற்றிய வதந்திகளை அலசுவார்கள். ஜேர்மனியில் இருக்கிறாராம். இல்லை, புசல்லாவையில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாராம். ஆள் உயிரோடு இருக்காது என்று ஒருநாள் அப்பா சொல்லப்போக, மாமா சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். அதன்பின் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருமுறை தெல்தெனியவில் ஒரு கல்யாணத்தில் நால்வரும் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். அங்கே வாசித்தது வேறு குழு. சட்டையின் நிறம் மட்டும்தான் ஒன்று. போனதற்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, மணமக்களோடு படமும் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்தத் தம்பதி தங்கள் அல்பத்தைப் பார்த்து, மாமா எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று சண்டை பிடித்திருப்பார்கள்.

கடைசியில் டிரம்காரரே வங்கிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாசிக்கப் போவதாகச் சொன்னார். நாலு பேருமா என்று மாமா கேட்டதற்கு, வந்து பாரும் என்று சிரித்தாராம். இருட்டினால் யாரும் வெளியே நிற்காத காலம் என்பதால் ரொக் இசையும் பகலுக்கு வந்துவிட்டிருந்தது.

மாமாவைத் தனியே அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. சோதனைச் சாவடியில் தமிழ் இளைஞன் என்றால் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விடுவார்கள். கையில் பிள்ளை ஒன்று இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். என் இசை ஞானத்தை மெச்சித்தான் அழைக்கிறார்கள் என்று நினைத்து நான் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

மேடைக்கு முதலில் மூவர்தான் வந்தார்கள். நாலாவது இடத்தில் கதிரை ஒன்றில் கிற்றார் சாய்ந்திருந்தது. மாமா என் கையை நோகும்படி பிடித்திருந்தார். பிறகு தலைமுடியை ஒட்ட வெட்டிய, மெலிந்த ஒருவர் வந்தார். மைக் திருத்த வந்தவர் என்று நினைத்தேன். அவர் கிற்றாரை எடுத்துத் தோளில் மாட்டியதும் மண்டபம் முழுக்க எழுந்து நின்றது.

வாசிப்போ படுமோசம். பாதிப் பாட்டில் அவருடைய விரல்கள் நின்றுவிட்டன. பாடகர் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் திரும்பவும் நின்றது. என் வகுப்பில் பியானோ பழகும் பிள்ளைகள்கூட இதைவிட நன்றாக வாசிப்பார்கள். திரும்பிப் பார்த்தால் மாமா அழுதுகொண்டிருந்தார். அங்கே வந்து சேர்ந்து பக்கத்தில் நின்ற சிங்கள நண்பரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"மாமா, அவருக்கு வாசிக்கத் தெரியாதோ?"

"ஓம் பிள்ளை, ஒரு பாட்டும் சரியா வரேல்லை" என்றார் மாமா, வாயெல்லாம் பல்லாக.

வீட்டு வாசலிலேயே அம்மா நின்றார். மாமாவின் முகத்தையே பார்த்தார்.

"உயிரோட இருக்கிறான் அக்கா" என்றார் மாமா.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரிய மூச்சு விட்டார். அப்பாவும் உள்ளேயிருந்து ஓடிவந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாட்டு எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது எவ்வளவு மோசம் என்று விளக்க நான் ஆயத்தமாக நின்றேன். அன்று முழுவதும் எனக்கு எல்லோர் மேலும் கோபம்.