அண்ணி எடுத்த முதல் லீவு

"அண்ணி எல்லாருக்கும் வேலை சொல்லிக் குடுக்கிறாங்களாம்" என்று யாரோ சொன்னதைத் தங்கை என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. அண்ணி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெரிய மெஷின் நின்றுபோனால், கதவை எந்த இடத்தில் முழங்கையால் இடிக்க வேண்டும் என்பது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். அதையும் யாரும் பார்த்துவிடாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு இடிப்பார். "என்னை விட்டா நாதியில்லை, லீவே கிடைக்கிறதில்லை" என்று சலித்துக்கொள்ளும்போது முகத்தில் பெருமை வழியும்.

புது மேலாளர் வந்து அதைக் கெடுத்துவிட்டார். தேநீர் வேளையில் தினம் ஒருவர் தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டுமாம். தன் முறை வந்தபோது அண்ணியும் அந்த முழங்கை இடியைச் செய்துகாட்டினாராம். அந்த வேளையில் யாரும் போனை எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டது அண்ணியேதான்.

இப்போது லீவில் கடல் தாண்டி என் வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்ததிலிருந்து போன் மடியைவிட்டு இறங்கவில்லை. ஒருவரும் கூப்பிடவுமில்லை.

"நீங்க இல்லாமயே ஓடுது போல, அண்ணி."

"எங்க ஓடும்? மெஷின் நின்னிருக்கும். கேக்க வெக்கப்பட்டுட்டு நிக்குதுங்க, பாவம்."

"அப்ப நீங்களே கேட்டுடுங்க."

"சும்மா சௌக்கியம் விசாரிக்கிறேன்" என்று சலவைக்கூடத்து எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. அங்கே இப்போது தேநீர் வேளை. அது அண்ணிக்கும் தெரியும். ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.